நாலாவது ஆள் இலவசம்

பிரஷாந்தன் விலை பார்க்காமல் ஒரு கோப்பிகூட வாங்கிக் குடித்தவனில்லை. அதற்காக ஆளைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள், தொழில் அப்படி. சிட்னியில், செவன் ஹில்ஸ் பக்கம் கூரை போடுகிற கொம்பனி ஒன்றில் எஸ்டிமேட் எழுதுகிறவன். வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தால் எத்தனை தகடு, எத்தனை ஆணி, எத்தனை நாள் கூலி, வீண்போக ஒரு பத்து வீதம் என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் சொல்லிப்போடுவான். அப்பேர்ப்பட்டவன்தான் அந்தக் குளிர்காலச் சனிக்கிழமை டூங்கபி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் போட்ட கணக்கைத் தானே நம்பாமல் மூன்றாம் தரம் கூட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேர், ஒரு கிழமை, இருபத்துநாலாயிரம் டொலர்.

"இஞ்ச பாரும், மயூரா. கெய்ர்ன்ஸ் எண்டா இதில மூண்டில ஒரு பங்கு. அந்தப் பவளப்பாறையைப் பார்க்க உலகமே அடிச்சுப் பிடிச்சு இஞ்ச வருது. நாங்கள் என்னெண்டா அமெரிக்காவையும் தாண்டிப் போய்ச் சுழியோடப் போறம். ஆரும் கேட்டா வாயால சிரிக்கமாட்டினம்."

"நான் பொனேர் எண்டு சொன்னனான்," என்றாள் அவன் மனைவி. அவ்வளவுதான். பரமட்டாவில் இரத்தம் எடுக்கிற இடத்தில் வேலை செய்கிறவள் அவள். ஊசி ஏற்றும்போதும் அந்தக் குரல்தான், பில்லைக் கேட்கும்போதும் அந்தக் குரல்தான்.

பொனேர் கரிபியனில் ஒரு சின்னத் தீவு. சிட்னியிலிருந்து லொஸ் ஏஞ்சலஸ், அங்கேயிருந்து மயாமி, மயாமியிலிருந்து இன்னொரு விமானம். மயூரா ஏன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று பிரஷாந்தனுக்குத் தெரியாமலில்லை. அவளுடைய அண்ணா சிவமணி பதின்மூன்று வருசத்துக்கு முதல், 2012 வைகாசியில், வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்டவன். "நாளைக்கு ஏறுறம், இனிக் கதைக்கேலாது" என்று ரெலிபோனில் சொன்னதோடு சரி. வள்ளமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை, ஒரு செருப்புக்கூடக் கரை ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு கடல் தண்ணீரில் மயூரா கால் நனைத்ததில்லை. போன வருசம் திடீரென்று, காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் சுழியோடப் பழகப்போகிறேன் என்றாள். மான்லிக் கடற்கரையில் பழகினாள். ஆனால் முதல் பயணம் அவுஸ்திரேலியாவைச் சுற்றின கடலில் இல்லை, அண்ணாவைத் தெரியாத கடலில்தான் என்று சொல்லிவிட்டாள்.

கலியாணம் கட்டி ஒன்பது வருசத்தில் அவள் வாய் திறந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். ஆகவே பிரஷாந்தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு கணக்குப் போட்டான். உள்ளதைச் சொன்னால், அவளுக்குத் துணையென்று அவனும் சுழியோடப் பழகி, முகமூடிக்குள் தண்ணீர் போய், மான்லிக் கடலில் பாதியைக் குடித்தவன்.

மூன்றாவது ஆள் தாரிணி. மயூராவோடு வேலை செய்கிற பிள்ளை, சிட்னியிலேயே பிறந்தது, மீன்குஞ்சு மாதிரி நீந்தும். அவளும் வந்தால் வாகன வாடகை மூன்றாகப் பிரியும் என்று பிரஷாந்தன்தான் அவளைச் சேர்த்தான்.

அங்கேதான் மாமி குறுக்கே வந்தா.

மயூராவின் தாய் நாகேஸ்வரி அவர்களோடுதான் இருக்கிறா. குசினிக்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவ, கத்தியும் கையுமாக வாசலில் வந்து நின்றா. "மூண்டு பேராவோ போறியள், தம்பி?"

"ஓம் மாமி."

"மூண்டு பேர் ஒரு காரியத்துக்கு வெளிக்கிடக்கூடாது. விளங்காது. அதுவும் தண்ணியில."

"அப்ப உங்களையும் கூட்டிக்கொண்டு போவம். சீலையை மடிச்சுக் கட்டிக்கொண்டு குதியுங்கோ."

"பகிடி விடாதேங்கோ. ஆள் இல்லையெண்டா ஒரு கல்லையெண்டாலும் பையில வைச்சுக்கொண்டு போறது. அது நாலாவது ஆள்."

கல்லோடு திரும்பி வந்தால் சிட்னி எயார்போர்ட்டில் நாய் வந்து மணக்கும், அதற்கொரு போர்ம் நிரப்பவேணும், பிறகு கல்லுக்குத் தடுப்பூசி போட்டதோ என்று கேட்பார்கள் என்று பிரஷாந்தன் சொல்ல, மயூராவே சிரித்துவிட்டாள். மாமி சிரிக்கவில்லை. அப்போதுதான் அவன் கண்ணில் அது பட்டது. அந்தத் தீவில் அவர்கள் பார்த்து வைத்திருந்த விடுதியின் இணையப் பக்கத்தில், ஒக்டோபர் மாதத்துக்கு மட்டும் என்று ஒரு சலுகை போட்டிருந்தார்கள். மூவர் கட்டினால் நாலாவது ஆள் இலவசம்.

எஸ்டிமேட் எழுதுகிறவனுக்கு இலவசம் என்ற சொல்லைக் காட்டலாமா! "மாமி, உங்கட கல்லுக்கு இடம் கிடைச்சிட்டுது," என்றான். "ஒரு சதமும் செலவில்லை. விமான ரிக்கெற் எங்கள் மூண்டு பேருக்கும்தான். விடுதியில மட்டும் நாலு பேர் எண்டு போடுவம். நாலாவது ஆள் கடைசி நேரம் வரேல்லை எண்டு சொன்னாப் போச்சு. உங்கட சாத்திரத்துக்கும் சரி, என்ர கணக்குக்கும் சரி."

விடுதிப் போர்ம் நாலாவது ஆளின் பெயரைக் கேட்டது. கல்லு என்று போட்டுப் பார்த்தான். முழுப் பெயர், பிறந்த திகதி, கால்துடுப்புக்குச் சப்பாத்து அளவு எல்லாம் வேணும் என்றது.

"ஆற்ற பேரைப் போடுறது?"

"சிவமணியின்ர பேரைப் போடுங்கோ," என்றா மாமி.

மயூரா தாயைப் பார்த்தாள். மாமியோ, கடைக்குப் போகிறவனிடம் சாமான் சொல்லி விடுகிற மாதிரி, பிறந்த திகதியைச் சொன்னா, சப்பாத்து அளவைச் சொன்னா. "எட்டு. இப்ப ஒன்பதா இருக்கும்."

இதில் ஒன்றைச் சொல்லவேணும். மாமி தன் மகன் செத்துவிட்டான் என்று ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு வருசமும் அவன் பிறந்த நாளுக்கு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போய், பெயர் சிவமணி, நட்சத்திரம் பூரட்டாதி என்று உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்கிற அர்ச்சனை செய்கிறவ. உடம்பு கிடைக்காத ஆளுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைக்கலாம் அம்மா என்று ஒரு ஐயர் நல்ல மனத்தோடு சொல்லப்போய், மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டில் 'செத்த' என்ற சொல்லும் சிவமணி என்ற பெயரும் ஒரே மூச்சில் வராது. மயூராவும் அப்படியே பழகிவிட்டாள்.

ஆகையால் பிரஷாந்தன் மறுபேச்சுப் பேசவில்லை. கிழவியின் மனம் ஆறட்டுமே, காசா பணமா என்று நினைத்து, சிவமணி, 1988, ஒன்பது என்று அடித்து அனுப்பிவிட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அடுத்த கிழமை விடுதியிலிருந்து விலைப்பட்டியல் வந்தது. நாலு பேர், நாலு வரிசை, நாலாவது வரிசையில் எல்லாம் பூச்சியம். கூடவே ஒவ்வொருவருக்கும் ஒரு உடல்நலப் போர்ம். மூன்று பேரும் நிரப்பி அனுப்பினார்கள். நாலு நாள் கழித்துப் பதில்: நன்றி, நாலு பேருடைய போர்மும் கிடைத்தது.

"நாலோ?" பிரஷாந்தன் தாரிணிக்கு ரெலிபோன் எடுத்தான். "உம்மட விளையாட்டே இது?"

"அண்ணா, ஐ ஸ்வெயார், நான் என்ட போர்மை மட்டும்தான் சென்ட் பண்ணினேன்."

நாலாவது போர்மின் பிரதியைக் கேட்டு எழுதினான். வந்தது. திறந்தவன் கதிரையில் நேராக நிமிர்ந்து இருந்தான்.

ஈரமாகிக் காய்ந்த தாள். படத்திலேயே அந்தச் சுருக்கம் தெரிந்தது. கேள்விகள் ஆங்கில அச்சில். பதில்கள் பேனாவால், தமிழில். தாரிணி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஆனா ஆவன்னாவோடு விட்டவள், அவளால் இது முடியாது. சப்பாத்து அளவு: ஒன்பது. எப்போதாவது தண்ணீரில் மூழ்கியதுண்டா: ஓம். இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டி எத்தனை கிலோ வேணும்: தேவையில்லை. அவசரத்துக்கு அறிவிக்க: அம்மா. அதற்குப் பக்கத்தில் ஒரு ரெலிபோன் இலக்கம், யாழ்ப்பாணத்து இலக்கம். கடைசியாகச் சுழியோடிய நாள்: 2012 வைகாசி 19. மேலே வந்த நேரம்: இன்னும் வரேல்லை.

அவன் பின்னால் மயூரா நின்றதை அவன் கவனிக்கவில்லை. "அண்ணான்ர எழுத்து," என்றாள். "'ணி'க்கு அப்பிடித்தான் வாலை இழுத்து விடுறவர். இது எங்கட பழைய வீட்டு ரெலிபோன். அந்த வீடே இப்ப இல்லை."

"மயூரா, இது ஆரோ செய்யிற விசர் வேலை."

"ஆர்? அந்த இலக்கம் எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். அப்பாவும் இல்லை." சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இல்லை. அவள் சந்தோசமாக இருந்தாள்.

மாமியைக் கேட்கவே வேண்டாம். தாளை அச்செடுக்கச் சொல்லி வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமிப் படங்களுக்கு முன்னால் வைத்து, "நான் சொன்னனானே, நான் சொன்னனானே" என்று அழுதபடி பாயாசம் காய்ச்சினா. பிரஷாந்தனும் குடித்தான். வேறு என்ன செய்வான்?

அடுத்த நாள் வேலையிலிருந்து விடுதிக்கு ரெலிபோன் எடுத்தான். அங்கே இன்னும் முதல் நாள் பின்னேரம். ஒரு பெண், நல்ல கலகலப்பான குரல், எடுத்தாள்.

"அந்த நாலாவது போர்ம் எப்படி உங்களுக்குக் கிடைச்சது?"

"திரு. சிவமணியோ? அவர் நேரில் தந்தார்."

"அவர் அங்கேயா இருக்கிறார்?"

"முன்னமே வந்துவிட்டார். அமைதியான மனிதர். உள்ளே வரமாட்டார். இறங்குதுறைப் படிக்கட்டில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் கதைப்பார். தங்கச்சிக்காகக் காத்திருக்கிறாராம்."

"உங்களுக்கு அவருடைய பாசை தெரியுமோ?"

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். "இல்லை. ஆனால் விளங்குது," என்றாள்.

பிரஷாந்தன் ரெலிபோனை வைத்துவிட்டு, கூரைத் தகடுகளின் கணக்குக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தான். ஏமாற்றுக்காரர்கள் என்றால் காசு கேட்பார்கள். இவர்கள் கேட்கவில்லையே!

கேட்கவில்லை என்பதுமட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பட்டியலிலும் தொகை குறையத் தொடங்கியது. அவன் தொழிலில் திருத்தி வருகிற எஸ்டிமேட் கூடித்தான் வரும். குறைந்து வந்ததை அவன் கண்டதில்லை. முதல் திருத்தத்தில், சுழியோடிகள் எப்போதும் சோடியாகத்தான் இறங்கவேணும் என்பதால் சோடி பிரித்திருந்தார்கள். பிரஷாந்தனும் தாரிணியும் ஒரு சோடி. மயூராவும் சிவமணியும் ஒரு சோடி, விருந்தினரின் விருப்பப்படி. மயூராவின் வரிசையில் ஈயக்கட்டி வாடகை எடுபட்டிருந்தது. இரண்டாம் திருத்தத்தில் அவளுடைய காற்றுச் சிலிண்டர் பத்தும் எடுபட்டிருந்தது. மூன்றாவதில் மூன்றாம் நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இல்லை. நாலாவதில் கட்டில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே சொல்: தேவையில்லை.

"பிழை விட்டிருக்கிறாங்கள்," என்று அவன் எழுதினான். பிழையில்லை, மயூராவும் சிவமணியும் பேசி ஒத்துக்கொண்டதுதான் என்று பதில் வந்தது.

"நீர் அவரோட கதைச்சனீரோ?"

மயூரா தட்டிலிருந்த சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் கிளறுவதுதான், வாய்க்குப் போவதில்லை. "கனவிலதான். நல்லாத்தான் கதைக்கிறார். எப்பவும் என்னை விட்டிட்டுத்தான் அண்ணா எங்கையும் போறவர், நான் அழுதுகொண்டு படலையில நிப்பன். இந்த முறை கூட்டிக்கொண்டு போறாராம்."

"எங்க?"

அவள் உப்புப் போத்தலை எடுத்துத் தண்ணீருக்குள் கொட்டிக் குடித்தாள். பிரஷாந்தன் அவள் கையைப் பிடித்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. அன்றைக்கே அவன் எல்லாவற்றையும் வெட்டினான். விமான ரிக்கெற், வாகனம், காப்புறுதி, விடுதி எல்லாம். முற்பணம் மூவாயிரத்து அறுநூறு டொலர் தண்ணீரில் போனது, அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு இதிலேயே தெரியும் அவன் எவ்வளவு பயந்திருந்தான் என்று. மயூரா கோபிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். "சரியப்பா," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். மாமி குசினிக்குள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தா. மயூரா குளிக்கப் போயிருந்தாள். பிரஷாந்தனின் ரெலிபோனில் விடுதியிலிருந்து மின்னஞ்சல் ஒன்று விழுந்தது. உங்கள் பதிவும் செல்வி தாரிணியின் பதிவும் ரத்தாகின. மற்ற இருவருடைய பயணமும் முன்னால் எடுக்கப்பட்டுள்ளது. கீழே பட்டியல். சிவமணி, மயூரா. விமானம்: தேவையில்லை. அறை: தேவையில்லை. சாப்பாடு: தேவையில்லை. காற்று: தேவையில்லை. இறங்கும் நேரம்: ஞாயிறு விடிய. கட்டவேண்டிய மொத்தத் தொகை: பூச்சியம்.

அவன் வாழ்நாளில் அப்படி ஒரு எஸ்டிமேட் கண்டதில்லை. எழும்பிக் குளியலறைக்கு ஓடினான்.

தொட்டி நிறையத் தண்ணீர். மயூரா உடுப்போடு அடியில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. தலைமயிர் மேலே மெல்ல அசைந்தது. வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. "ஐயோ கடவுளே!" என்று கையை விட்டுத் தூக்கினான். ஐஸ் தண்ணீர். சுடுதண்ணீர்க் குழாயை அவள் திறக்கவேயில்லை. தூக்கின பிறகும் அவள் மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை. "ஏனப்பா சத்தம் போடுறியள்?" என்றாள் மெதுவாக. "பாதி வழி போயிட்டன்."

துடைத்து, போர்த்தி, கட்டிலில் கிடத்தினான். கீற்றரை முழுக்கத் திருப்பிவிட்டான். உடம்பு சூடேறவில்லை. கண்ணை மூடவும் இல்லை, முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். அம்புலன்ஸைக் கூப்பிட நம்பரை அழுத்தினவன், பாதியில் நிறுத்தினான். என்னவென்று சொல்வது? விடுதிக்கு எடுத்தான். அதே கலகலப்பான குரல்.

"அவளை அந்தப் பட்டியலில இருந்து எடுங்கோ! இப்பவே எடுங்கோ!"

"மன்னிக்கவேணும், சோடியாகப் பதிந்தவர்களில் ஒருவரைத் தனியே எடுக்க முடியாது. திரு. சிவமணியின் பதிவு இருக்குமட்டும் அதுவும் இருக்கும்."

"அப்ப அவனை எடுங்கோ."

"அதற்கு அவருடைய சம்மதம் வேணும். இல்லாவிட்டால் பெற்றோர் காரணம் எழுதி அனுப்பவேணும். போர்மில் அம்மா என்று ஒருவர் இருக்கிறாரே. இங்கே விடிய இன்னும் பத்து மணித்தியாலம் இருக்கு, அவசரமில்லை," என்று அந்தப் பெண் அன்பாகச் சொன்னாள்.

அவன் குசினிக்குள் போய் மாமிக்கு முன்னால் நின்றான். இத்தனை நாளும் வந்த பட்டியல்களை அவவுக்கு அவன் காட்டவில்லை. மகன் வந்துவிட்டான் என்று பாயாசம் காய்ச்சின மனுசியிடம் எந்த வாயால் சொல்வது என்று விட்டுவிட்டான். இப்போது வேறு வழியில்லை. லப்டொப்பை மாவுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, முதல் பட்டியலிலிருந்து தொடங்கி வரி வரியாகத் தமிழில் வாசித்தான்.

மாமி இடியப்ப உரலைக் கீழே வைக்காமல் கேட்டா. ஒரு பிள்ளை வளர்க்கவே காணாத காசில் இரண்டு பிள்ளையையும் ஒரு வீட்டையும் கட்டி எழுப்பினவ, கணக்கு அவவுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"பிள்ளைக்குச் சாப்பாடு இல்லையோ?"

"இல்லை மாமி."

"படுக்கை?"

"இல்லை."

"மூச்சுக்கும் ஒண்டும் வைக்கேல்லையோ?"

பிரஷாந்தன் இல்லையென்று தலையை ஆட்டினான். மாமி உரலை வைத்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, மகளின் அறைக்குள் போனா. நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. பாதத்தைத் தொட்டுப் பார்த்தா. மயூரா தாயைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, அண்ணா வரச் சொல்லுறார். உங்களைப் பிறகு கூப்பிடுறாராம்."

திரும்பி வந்தவ கதிரையில் இருந்தா. இடியப்ப அவியல் பானை கொதித்து வற்றி மணத்தது, ஒருவரும் எழும்பி நிறுத்தவில்லை. அவ என்ன யோசிக்கிறா என்று அவனுக்கு விளங்கியது. பதின்மூன்று வருசமாக ஒருவர் வாயிலும் வராமல் அவ காத்து வைத்த ஒரு சொல் இருக்கிறது. எழுதவேண்டிய காரணம் அதுதான். வேறு எதை எழுதினாலும் செல்லாது. ஒரு பிள்ளையைக் கூப்பிட மற்றப் பிள்ளையை அனுப்பவேணும்.

"எழுதுங்கோ தம்பி," என்றா.

அவன் ஆங்கிலத்தில் தொடங்கினான். மாமி கையைப் பிடித்தா. "தமிழில எழுதுங்கோ. அவனுக்கு இங்கிலிஸ் வராது."

அவ சொல்லச் சொல்ல அவன் அடித்தான். கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் இரண்டு இடத்தில் அழித்து எழுதினான்.

"அப்பன் சிவமணி, அம்மா எழுதுறன். நீ ஏறின வள்ளம் கடலுக்குள்ள தாண்டு போச்சுதப்பு. நீ அண்டைக்கே..." மாமி நிறுத்தினா. சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்தா. பிறகு எடுத்துவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னா. "நீ அண்டைக்கே செத்துப்போனாய், ராசா. வைகாசி பத்தொன்பதாம் திகதி செத்துப்போனாய். அம்மாதான் ஒருத்தரையும் சொல்ல விடேல்லை. உன்னில பிழையில்லை. தங்கச்சியை விட்டிடு. அவளுக்கு இன்னும் காலம் கிடக்கு. உனக்குச் செய்யவேண்டியதை அம்மா இனிச் செய்விப்பன். நீ போயிட்டு வா எண்டு சொல்லேலாது, அப்பன். நீ போ."

"அனுப்பவோ, மாமி?"

"அனுப்புங்கோ."

அனுப்பினான். பிரஷாந்தன் போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தான். ஒரு கால் மணித்தியாலம் போயிருக்கும், அறைக்குள் இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை, குடல் வெளியே வருகிற இருமல். ஓடிப் போய்ப் பார்த்தால் மயூரா கட்டிலில் எழும்பியிருந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலையணை நனைய நனையத் தண்ணீராகச் சத்தி எடுத்தாள். மூச்சை இழுத்து இழுத்து அழுதாள். பிரஷாந்தன் அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். உடம்பு நடுங்கியது, ஆனால் சூடு வந்திருந்தது. கொஞ்சம் ஓய்ந்த பிறகு, "பசிக்குது," என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இடியப்பத்தையும் சொதியையும் எடுத்து வந்து மாமி தன் கையால் தீத்தினா. ஆறு இடியப்பம் சாப்பிட்டாள். பிறகு கண்ணை மூடி உறங்கினாள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பிரஷாந்தன் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் விடுதியிலிருந்து பதில் வந்தது. மாமி பக்கத்தில் வந்து இருந்தா. "என்ன எழுதியிருக்கு? ஒண்டும் விடாமல் வாசியுங்கோ."

ஐந்து வரிதான். அவன் விடாமல் தமிழில் சொன்னான். உங்கள் கடிதம் கிடைத்தது. திரு. சிவமணியிடம் கொடுத்தோம், படிக்கட்டில் நின்றே வாசித்தார். இதை இவ்வளவு காலமும் ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். அதன் பிறகு அவரைக் காணவில்லை. இரண்டு பெயரையும் எடுத்துவிட்டோம்.

மாமி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, "அழுதவனாமோ?" என்று கேட்டா.

பிரஷாந்தன் அந்த ஐந்து வரியையும் முதலிலிருந்து திரும்ப வாசித்துப் பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.